சோனாகாச்சியின் துர்பார், உஷா: பெண்களே நடத்தும் சேவை எப்படி இருக்கிறது?

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் துர்பார் மகிளா சமன்வய கமிட்டியைப் பற்றிப் பேசினால், பேச்சு பெரும்பாலும் ஆணுறைக் கணக்கோடு முடிந்துவிடுகிறது. 1992ல் அங்கே ஆணுறைப் பயன்பாடு 3 சதவீதத்துக்கும் கீழே; 1998ல் 90 சதவீதம். பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எண்கள் இவை. ஆனால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் சேவை என்று எடைபோட்டால் முதலிடம் இதே பெண்கள் நடத்தும் உஷா கூட்டுறவுச் சங்கத்தின் சேமிப்புக் கணக்குக்குத்தான். கிளினிக் இரண்டாவது. புதிதாக வரும் பெண்களை விசாரிக்கும் சுயகட்டுப்பாட்டு வாரியம் மூன்றாவது, அதுவும் சில எச்சரிக்கைகளோடு. டி.ஐ. எனப்படும் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களில் வேலை செய்பவர்கள், சொந்தமாகச் சங்கம் தொடங்க நினைக்கும் பெண்கள், தன்னார்வலராகக் கைகொடுக்க விரும்புபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்ட மதிப்பீடு இது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1992ல் மத்திய அரசின் பொதுச் சுகாதார நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய மருத்துவர் ஸ்மரஜித் ஜானா எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தோடு சோனாகாச்சிக்குப் போனார். வெளியிலிருந்து ஆள் கூட்டி வராமல், அங்கேயே தொழில் செய்யும் 12 பெண்களைத் தேர்ந்தெடுத்து, பச்சைக் கோட்டும் அடையாள அட்டையும் கொடுத்து, வீடுவீடாக அனுப்பினார். தொழிலில் இருப்பவரே சக பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும், இன்று நாம் பீர் எஜுகேட்டர் என்று சொல்லும் வேலை அது. 1995ல் அந்தப் பெண்கள் துர்பாரைத் தொடங்கினார்கள். 1999ல் திட்டத்தின் நிர்வாகமே அவர்கள் கைக்கு வந்தது. 2021 மே மாதம் கொரோனாவில் ஜானா இறந்த பிறகும் அமைப்பு நிற்கிறது. தலைமை முன்பே கைமாறியிருந்ததுதான் காரணம்.

இனி உஷா. 1995ல் பதிவானது. பதிவுக்குப் போனபோது, கூட்டுறவு உறுப்பினர் நல்லொழுக்கம் உள்ளவராக இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டித் தடுத்தார்கள். தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிக் கொடுங்கள், முடித்துவிடலாம் என்று யோசனையும் வந்தது. பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பாலியல் தொழிலாளர்களின் கூட்டுறவு என்றே பதிவு கேட்டார்கள், வாங்கினார்கள். அன்று இல்லத்தரசி என்று எழுதியிருந்தால் உஷாவின் பதிவு பின்னால் ஆபத்தில் சிக்கியிருக்கலாம். யாராவது ஒரு எதிரி ஒரு புகார் எழுதிப் போட்டால் பொய்த் தகவல் என்று மொத்தப் பதிவும் ரத்தாகியிருக்கக்கூடும்.

சேமிப்பு எப்படி நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சாதாரண வங்கியில் கணக்குத் தொடங்க முகவரிச் சான்று வேண்டும். சோனாகாச்சியில் அறை வாடகைக்கு ரசீது கிடையாது. தகப்பன் பெயர், கணவன் பெயர் என்று விண்ணப்பம் நெடுகக் கேள்விகள். வங்கி திறந்திருக்கும் நேரத்தில் இவர்கள் இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் பணம் வீட்டுக்கார மால்கினிடமோ, நிரந்தர வாடிக்கையாளரான 'பாபு'விடமோ தங்கும், பல நேரம் திரும்பி வராது. அவசரத்துக்குக் கடன் வாங்கினால் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சதவீத வட்டி. நம் ஊர் மீட்டர் வட்டியின் அதே கணக்கு.

உஷாவின் வசூல்காரர்கள் பகலில், சமையலும் துணி துவைப்பதும் நடக்கும் நேரத்தில், வாசலுக்கே போகிறார்கள். 10 ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். முந்தைய இரவின் வருமானம் கையை விட்டுப் போவதற்குள் ஒரு பங்கு கணக்கில் ஏறிவிடுகிறது. கடன் யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் நிர்வாகக் குழுவிலும் தொழிலாளர்களே இருக்கிறார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஊரில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, வீட்டுக் கூரை என்று எதற்குக் கேட்டாலும் அவமானப்படாமல் கேட்க முடிகிறது. சில பெண்களோடு தொடங்கிய சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 20,000த்தைத் தாண்டியிருக்கிறது.

இதற்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. நேரடிச் சம்பந்தம். சோனாகாச்சி பெண்களின் வருமானத்தை வைத்து 2003ல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று, ஆணுறை வேண்டும் என்று வற்புறுத்தும் பெண் இழக்கும் வருமானம் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாது என்று கணக்கிட்டது. நாளைக்கு வட்டி கட்ட வேண்டியவள் அந்த இழப்பை எப்படித் தாங்குவாள்? கையில் ஒரு மாத வாடகை இருந்தால்தான் "ஆணுறை இல்லாமல் முடியாது, கிளம்பு" என்று சொல்ல வாய் வரும். அதுவும் ஒருத்தி மட்டும் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்து அறைக்குப் போய்விடுவார். தெரு முழுக்க ஒரே பதில் வந்தால்தான் அந்தச் சொல் நிற்கும். சங்கத்தின் பலம் அதில்தான் தெரிகிறது. ஆணுறை எப்படிப் போடுவது என்று ஆயிரம் முறை செய்துகாட்டினாலும் இந்த இடம் நிரம்பாது.

இதைப் பார்த்துவிட்டு இங்கே செய்ய நினைப்பவர்கள் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம்; ஆனால் அந்தச் சங்கம் தன் பெயரில் பெண்களிடம் டெபாசிட் வாங்கக் கூடாது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரிடும். நல்ல எண்ணம் அங்கே உதவாது. ஒன்று, கூட்டுறவாகவே பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 10 முதல் 20 பேர் வரை கொண்ட சுயஉதவிக் குழுக்களாகப் பிரிந்து, குழுவின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி, மூன்று கையெழுத்தில் ஏதேனும் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். தொகை ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் பதிவாக வேண்டும்: பெண்ணின் பாஸ்புக், வசூல் தாள், அலுவலகப் பேரேடு. மூன்றையும் அன்று மாலையே ஒத்துப் பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு 50 ரூபாய் வித்தியாசம் வரும்; அந்த 50 ரூபாய்க்கு மொத்த நம்பிக்கையும் போய்விடும். கடன் கொடுப்பதையும் ஆறு மாதச் சேமிப்பு சேர்ந்த பிறகு தொடங்குவதே நல்லது.

கிளினிக் விஷயத்தில் சோனாகாச்சி காட்டிய வழிதான் இன்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் டி.ஐ. திட்டங்களாக நாடு முழுக்க நடக்கிறது. 60 பெண்களுக்கு ஒரு பீர் எஜுகேட்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி., சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனை. பால்வினைத் தொற்றுக்கான மருந்துகள் நிறம் பிரித்த கிட்களாக வரும். சாம்பல் நிறத்தில் அசித்ரோமைசின் 1 கிராமும் செஃபிக்சிம் 400 மில்லிகிராமும், கருப்பை வாய்ச் சுரப்புக்கு. பச்சையில் செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமும், வெள்ளைப்படுதலுக்கு. வெள்ளை நிறக் கிட்டில் பென்சிலின் ஊசி, புண்ணுக்கு; பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு நீலம். கொப்புளமாக வரும் ஹெர்பிஸுக்குச் சிவப்பு. அடிவயிற்று வலிக்கு மஞ்சள்.

இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு, ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து உள்ளே பார்க்காமல் வாய்மொழியாகக் கேட்டே கிட் கொடுத்து அனுப்புவது. வெள்ளைப்படுதல் என்று பெண் சொன்னால் பச்சைக் கிட் போய்விடும். உள்ளே கருப்பை வாயில் இருக்கும் கொனோரியா அப்படியே இருக்கும். இரண்டு மாதம் கழித்து அடிவயிற்று வலியோடு வருவாள். கேட்டால், தனியிடம் இல்லை, ஸ்டெரிலைஸ் செய்த ஸ்பெகுலம் இல்லை, மருத்துவர் வாரம் இரண்டு மணி நேரம்தான் வருகிறார் என்பார்கள். ஒரு திரைச்சீலையும், கருவிகளைக் கிருமி நீக்கும் ஒரு ஆட்டோகிளேவும் இல்லாத கிளினிக்கைக் கிளினிக் என்று கணக்கில் சேர்க்கவே கூடாது. இன்னொரு குறை, இடுப்புக்கு மேலே இவர்களுக்கு உடம்பே இல்லை என்பதுபோல் நடத்துவது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான அசிட்டிக் அமிலப் பரிசோதனை, தூக்கமின்மை, குடி ஆகியவற்றையும் அதே வருகையில் பார்த்துவிடலாம். ஸ்பெகுலம் வைத்த கையோடு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கச் சில நிமிடங்களே கூடுதலாக ஆகும்.

ஆணுறை விநியோகத்திலும் ஒரு கணக்கு உண்டு. எல்லோருக்கும் மாதம் 30 என்று பங்கு போடுவது சோம்பேறித்தனம். வாரத்துக்கு 12 வாடிக்கையாளர் வரும் பெண்ணுக்கு மாதம் 52 வேண்டும். கிழிவது, வீணாவது என்று 10 சதவீதம் கூட்டினால் 57. வாரத்துக்கு மூன்று பேர் வருபவளுக்கு 15 போதும். அதிகம் கொடுத்தால் அவள் வீட்டில் யார் கண்ணிலாவது படும். செய்துகாட்டும்போது விடுபடுவது எப்போதும் நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றும் படிதான். கிழிவதற்கு அது ஒரு காரணம். தேங்காய் எண்ணெயும் வாசலினும் இன்னொரு காரணம். எண்ணெய் பட்டால் லேடக்ஸ் சில நிமிடங்களில் இளகிவிடும். பாதுகாப்புக்கு இரண்டு போடுகிறேன் என்பவர்களுக்கு, உராய்ந்து கிழியக்கூடும் என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது சுயகட்டுப்பாட்டு வாரியம். துர்பாரின் வேலைகளில் மிகவும் விவாதத்துக்கு உள்ளானது இது. சோனாகாச்சிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தால் தகவல் வாரியத்துக்குப் போகும். வாரியத்தில் பாலியல் தொழிலாளர்களே பெரும்பான்மை. வார்டு கவுன்சிலர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் மற்ற இடங்களில் இருப்பார்கள். வந்தவளிடம் தனியாகப் பேசி, யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தார்களா, வயது என்ன என்று விசாரிப்பார்கள். சந்தேகம் இருந்தால் எலும்பு எக்ஸ்-ரே. 18 நிரம்பாதவள் என்றால் குழந்தைகள் நலக் குழுவுக்கு; கட்டாயத்தில் வந்தவள் என்றால் ஊருக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு.

போலீஸ் ரெய்டில் வாசலை உடைத்து எல்லோரையும் வேனில் ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். தெருவில் யார் புதிது என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனாலும் மூன்று இடத்தில் இது பலவீனமானது. முதலாவது எக்ஸ்-ரே. எலும்பு வளர்ச்சியை வைத்துச் சொல்லும் வயதில் முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகள் பிசகும் என்பதை உச்ச நீதிமன்றமே 1982ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியானால் 16 வயதுச் சிறுமி 18 என்று காகிதத்தில் வந்துவிட முடியும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, பள்ளிச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை என்று வரிசை சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து கேட்பதை விட்டுவிட்டு எக்ஸ்-ரேயைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. சந்தேகத்தின் பலன் சிறுமியின் பக்கமே போக வேண்டும். இரண்டாவது, வாரியத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. குழந்தை என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். வாரியம் கூடும் வரை காத்திருக்க முடியாது. மூன்றாவது, மால்கின்களில் பலர் முன்னாள் தொழிலாளர்களே. பக்கத்து வீட்டு மால்கினைப் பகைத்துக்கொண்டு வாரியத்தில் உண்மை பேசுவது எளிதல்ல. வெளியாள் உறுப்பினர்கள் உண்மையாகவே கூட்டத்துக்கு வருகிறார்களா என்பதை வைத்தே அந்த வாரியத்தை நம்பலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986ல் கண்டறியப்பட்டது சென்னையில்; மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளில் கண்டார்கள். மாதிரி கொடுத்த பெண்கள் பலர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். அந்தத் தொடக்கத்தின் நிழல் இன்னும் போகவில்லை. ரத்தம் கொடுத்தால் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்ற பயம் மூத்த பெண்களிடம் இன்றும் இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போகும்போது இதை எடுத்துச் சொல்லித்தான் அழைத்துப் போக வேண்டும்.

சோனாகாச்சி போல ஒரே தெருவில் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் இடம் இங்கே இல்லை. பஸ் ஸ்டாண்ட், லாட்ஜ், வாடகை வீடு, இப்போது பெரும்பாலும் செல்போன். ஆகவே வாசல் வசூல் இங்கே அப்படியே நடக்காது. பீர் எஜுகேட்டர் வாசலுக்கு அடிக்கடி வந்தால் அதுவே அக்கம்பக்கத்தாருக்கு அடையாளம் காட்டிவிடும். போனில் பேசித் தேர்ந்த ஒரு டீக்கடை, ஒரு டைலர் கடை என்று சந்திக்கும் இடத்தை அந்தப் பெண்ணே சொல்லட்டும். வாட்ஸ்அப் குழு தொடங்குவது இங்கே பலரும் செய்யும் பெரிய தவறு. குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒருத்தியின் கணவன் போனை எடுத்துப் பார்த்தால் முடிந்தது. பிராட்காஸ்ட் பட்டியல் போதும், அதிலும் பெயருக்குப் பதில் குறியீட்டு எண்.

தொழிலுக்கு வெளியே இருந்து வரும் தன்னார்வலர்களுக்கு உண்மையான வேலை ரெய்டு நேரத்தில் வருகிறது. ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி சோதனைக்கு வரும் அதிகாரியோடு குறைந்தது இரண்டு பெண் போலீசார் இருக்க வேண்டும். மீட்கப்பட்ட பெண்ணை விசாரிக்கப் பெண் போலீசார் இல்லாவிட்டால், அங்கீகாரம் பெற்ற நல அமைப்பின் பெண் உறுப்பினர் ஒருவர் முன்னிலையில்தான் விசாரிக்க வேண்டும். அந்த உறுப்பினராகப் போய் நிற்க முன்கூட்டியே இரண்டு பேரைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் முதல் நாளிலேயே வக்கீலும் வயதுச் சான்றும் இருந்தால் வேலை முடியும். தவறவிட்டால் 17ஆம் பிரிவின் கீழ் விசாரணை முடியும் வரை காப்பகம், அதன் பிறகும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை உத்தரவு வர வாய்ப்புண்டு. வயது வந்த பெண் தன் விருப்பத்துக்கு எதிராக உள்ளே கிடக்கிறாளா என்று காப்பகங்களைச் சோதித்து விடுவிக்க வேண்டும் என்றும், ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று உத்தரவிட்டது. அந்த உத்தரவின் பிரதியைக் கையில் வைத்திருங்கள், வாய்ச்சொல்லுக்கு ஸ்டேஷனில் மதிப்பு குறைவு. இலவச சட்ட உதவிக்கு 15100, எச்.ஐ.வி. தொடர்பான சந்தேகங்களுக்கு 1097.

அதே வழக்கு கொடுத்த இன்னொரு வசதி ஆதார். முகவரிச் சான்று இல்லாத பெண்ணுக்கும், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் குறிப்பிட்ட படிவத்தில் சான்று கொடுத்தால் ஆதார் கிடைக்கும். அட்டையிலோ பதிவிலோ தொழிலைக் காட்டும் குறி எதுவும் இருக்கக் கூடாது. இதில் தாமதம் ஆகும் இடம் ஆதார் மையம் அல்ல, அந்தச் சான்று. பத்துப் பதினைந்து விண்ணப்பங்களைச் சேர்த்து ஒரே நாளில் கையெழுத்துக்கு வைத்தால் சீக்கிரம் நகரும்.

துர்பார் மீது வைக்க வேண்டிய விமர்சனம் இன்னும் இரண்டு உண்டு. சோனாகாச்சியில் குடியிருக்கும் பெண்களுக்குக் கிடைக்கும் கவனம், புறநகரிலிருந்து ரயிலில் வந்து போகும் 'ஃப்ளையிங்' பெண்களுக்குக் கிடைப்பதில்லை. அவர்களுக்கு வாசலும் இல்லை, வசூல்காரரும் இல்லை. அடுத்து, இத்தகைய அமைப்புகள் பலவற்றிலும் தலைமைப் பெண்களின் உழைப்புக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். அரசு நிதி தாமதமாகும் மாதங்களில் அதுவும் இல்லை. தெருவில் இறங்கிப் போலீஸோடும் தாதாவோடும் பேசுகிறவளுக்கு பஸ் செலவு கைக்காசு. அவளுக்குத் தொழில் செய்யும் நேரமும் குறைகிறது. இதைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு நகர்வது அநியாயம். பயணப்படி முன்பணமாகவும், கூட்டத்துக்கு வரும் நாளின் இழப்புக்கு ஈடாக ஒரு தொகையும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை எழுதித் தர ஒரு ஆளும் பட்ஜெட்டிலேயே ஏற வேண்டும். நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் தையல் மெஷின் வாங்கித் தருவதை விட்டு இந்த மூன்றில் ஒன்றுக்குக் கொடுக்கலாம்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: அருகிலுள்ள மெட்ரோ நிலையம் ஷோபாபஜார். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு பகலில் போங்கள். கேமராவை எடுத்துப் போகாதீர்கள். உஷாவின் கவுன்டரில் நின்று கணக்குப் பேரேடு எப்படி எழுதப்படுகிறது என்று கேளுங்கள். கிளினிக்கைப் பற்றிய விளக்கவுரையைவிட அரை மணி நேர வேலைக்கு அதில்தான் பலன் அதிகம்.